கனோலாவின் குளிர் தாங்கும் திறனும் சர்க்கரை கடத்தும் மரபணுக்களும்: சட்டியிலிருந்து வயல் வரை முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வீடுகளில் தாளிக்கும் கடுகும், மேற்கு கேப் மாநிலத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் எண்ணெய்வித்துப் பயிரான கனோலாவும் ஒரே பிராசிகா பேரினம். கடுகில் ஏ, பி என்ற இரு மரபணுத் தொகுதிகள். கனோலாவில் ஏ, சி. ஏ தொகுதி இரண்டுக்கும் பொது. பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலோ கேப் டவுனிலோ தாவர அறிவியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் கனோலாவின் குளிர் தாங்கும் திறனை ஆய்வுக்கு எடுத்தால் முதல் நாளிலிருந்து என்ன செய்ய வேண்டும், எங்கே தவறும், ஏன் தவறும் என்பதை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றுதான். செடியைக் குளிரில் வைக்கிறார்கள், எந்தச் சர்க்கரைக் கடத்தி மரபணு அதிகமாக ஏறுகிறது என்று பார்க்கிறார்கள், அதையே குளிர் தாங்கும் மரபணு என்று எழுதிவிடுகிறார்கள். கடத்திப் புரதம் ஒரு கதவு. கதவு திறந்தது என்பதை மட்டும் வைத்துச் சரக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று சொல்ல முடியாது. எனவே மரபணு வெளிப்பாடு, சர்க்கரை அளவு, உறைபனிச் சேதம் மூன்றையும் ஒரே இலையில், ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அதற்காகவே அமைந்தவை.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

ஸ்வீட் என்ற கடத்திக் குடும்பம் 2010-இல் அடையாளம் காணப்பட்டது. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவும் சிறு புரதங்கள் இவை. ஆற்றல் செலவழிக்காமல், சர்க்கரை மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு விடும். ஆய்வகங்களில் மாதிரியாகப் பயன்படும் சிறு செடியான அரபிடாப்சிஸில் 17 உண்டு. அவை நான்கு கிளைகள். முதல் கிளையில் 1 முதல் 3 வரை, இரண்டாவதில் 4 முதல் 8 வரை. இவை பெரும்பாலும் குளுக்கோஸ் போன்ற ஒற்றைச் சர்க்கரைகளைக் கடத்தும். மூன்றாம் கிளையின் 9 முதல் 15 வரையிலானவை சுக்ரோஸுக்கு உரியவை. நான்காவதான 16, 17 வாக்குவோல் சவ்வில், அதாவது செல்லின் நடுவிலுள்ள பெரிய சேமிப்புப் பையின் சுவரில், உட்கார்ந்து ஃபிரக்டோஸைக் கையாளும்.

இவை தவிர இரண்டு குடும்பங்களை விட்டுவிடக் கூடாது. எஸ்.யு.சி. கடத்திகள் புரோட்டான் விசையைப் பயன்படுத்தி சுக்ரோஸை, சர்க்கரையைக் கொண்டுசெல்லும் குழாய்த் திசுவான ஃபுளோயத்தில் ஏற்றும். டி.எஸ்.டி. கடத்திகள் சர்க்கரையை வாக்குவோலுக்குள் தள்ளும். குளிரில் இவற்றின் வெளிப்பாடு கூடும்.

அரபிடாப்சிஸில் தெரிந்தவற்றைப் பாருங்கள். ஸ்வீட்16 மரபணு குளிரில் இறங்குகிறது; ஆனால் அதைச் செயற்கையாக அதிகம் வெளிப்படுத்திய செடி உறைபனியைக் கூடுதலாகத் தாங்குகிறது. ஸ்வீட்4 மரபணுவைக் கூட்டியபோதும் தாங்கும் திறன் கூடியது. ஸ்வீட்11, ஸ்வீட்12 இரண்டையும் இழந்த செடியோ, இலையில் சர்க்கரை தேங்குவதால் உறைபனியை நன்றாகத் தாங்குகிறது. ஒன்றில் கூட்டினால் நன்மை, இன்னொன்றில் நீக்கினால் நன்மை. ஏறிய மரபணுவை மட்டும் தேடுபவர் இவற்றில் பாதியைத் தவறவிடுவார்.

இன்னொரு கணக்கையும் போட்டுவிடுவோம். சர்க்கரை, உப்பைப் போல நீரின் உறைநிலையைக் குறைக்கிறது என்று பாடத்தில் எழுதுவார்கள். உண்மைதான், ஆனால் அளவு மிகச் சிறியது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மோல் கரைபொருள் இருந்தால் உறைநிலை 1.86 டிகிரி குறையும். குளிருக்குப் பழகிய இலையில் சர்க்கரை 100 மில்லிமோலார் கூடினாலும் கிடைப்பது 0.19 டிகிரிதான். செடியோ பழகியபின் பல டிகிரி கூடுதலாகத் தாங்குகிறது. மீதி எங்கிருந்து வருகிறது? பனிக்கட்டி முதலில் செல்லுக்கு வெளியே உருவாகி, உள்ளிருக்கும் நீரை உறிஞ்சுகிறது. அப்போது உள்ளே சர்க்கரை இருந்தால் நீர் முழுவதும் போய்விடாது. வற்றும் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் அது காக்கிறது. பசுங்கணிகத்துக்குள் ராஃபினோஸ் என்ற சர்க்கரை ஒளிச்சேர்க்கை அமைப்பைப் பாதுகாக்கிறது. ஆகவே எவ்வளவு சர்க்கரை என்பதோடு, செல்லின் எந்த அறையில் என்பதும் கேள்வி. கடத்திகள் முக்கியமாவது அதனால்தான்.

படி 1: செடி வளர்த்தல்

தென்னாப்பிரிக்காவில் கனோலா ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கப்படும். குளிர்காலத்தில் வளர்ந்தாலும் இங்கே பயிராவது வசந்த வகை. நீண்ட குளிர் இல்லாமலே பூக்கும். சீனா, ஐரோப்பா ஆகிய இடங்களின் கட்டுரைகள் பெரும்பாலும் குளிர்கால வகையைப் பற்றியவை. அவற்றின் எண்களையும் மாதங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பீட்டுக்குக் குளிர்கால வகை விதை வேண்டுமென்றால், இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் வாங்க ஆகும் காலத்தையும் திட்டத்தில் சேருங்கள்.

இரண்டு ரகங்கள் போதும். ஒரு லிட்டர் சட்டியில் மூன்று விதை போட்டு, முளைத்தபின் ஒன்றை மட்டும் விடுங்கள். பகலில் 20, இரவில் 16 டிகிரி. ஒளி நேரம் 10 மணி. மேற்கு கேப்பின் ஸ்வெல்லண்டாம் பக்கம் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒளிச்செறிவு சதுர மீட்டருக்கு வினாடிக்கு 250 மைக்ரோமோல். மூன்று, நான்கு உண்மை இலைகள் விரியும்வரை, அதாவது மூன்று முதல் நான்கு வாரம், வளர்க்கவும்.

சட்டிக் கணக்கு இப்படி: நேரப் புள்ளிகள் 0, 6 மணி, 24 மணி, 3 நாள், 7 நாள், 14 நாள். பூச்சியத்துக்கு ஒரு ரகத்தில் 4 செடி. மற்ற ஐந்து புள்ளிகளுக்கும் குளிரில் 4, கதகதப்பில் 4. ஒரு ரகத்துக்கு 44, இரண்டுக்கும் 88. முளைக்காதவை, நோயுற்றவைக்காக 100 சட்டி வையுங்கள். கதகதப்பில் இணையாக ஒரு குழு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் 14 நாளில் வந்த மாற்றம் குளிரால் வந்ததா, இலை முதிர்ந்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஸ்வீட்15 இலை முதுமையோடும் ஏறும் மரபணு. இந்தக் குழப்பம் அதில்தான் முதலில் தலைகாட்டும்.

படி 2: குளிருக்குப் பழக்குதல்

குளிர்க் குழுவை 4 டிகிரி அறைக்கு மாற்றுங்கள். விளக்கை அணைத்துவிடாதீர்கள், ஒளிச்செறிவு 150-க்குக் கீழே போகக் கூடாது. இருட்டான குளிர்பதன அறையில் வைத்த செடியில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சர்க்கரை சேராது, பழக்கமும் வராது. பல சோதனைகள் தோற்பது இந்த ஒரு காரணத்தால்.

லோட் ஷெட்டிங் என்ற சுழற்சி மின்வெட்டைப் பல ஆண்டுகள் பார்த்த நாடு இது. மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றால் 4 டிகிரி அறை சூடேறும், விளக்கும் போகும். அறைக்குள், செடியின் இலை உயரத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் பேட்டரி வெப்பப் பதிவுக்கருவி ஒன்றை வையுங்கள். வெப்பம் 8 டிகிரியைத் தாண்டிய நாளைக் குறித்துவைத்து, அந்தத் தொகுதியைத் தனியாகப் பாருங்கள். மாதிரிகளை வைக்கும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கும் மாற்று மின் இணைப்பு இருக்கிறதா என்பதை மாதிரி எடுக்கும் முன்பே உறுதி செய்யவும்.

படி 3: மாதிரி எடுத்தல்

எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பது எந்த இலையை எடுக்கிறோம் என்பதைப் போலவே முக்கியம். இலைச் சர்க்கரை காலையிலிருந்து மாலைவரை ஏறும், இரவில் இறங்கும். குளிர் மரபணுக்களும் உயிர்க் கடிகாரத்தைப் பின்பற்றும். விளக்கு எரிந்து 5 மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொண்டால், எல்லா நாளும் அதே நேரம், முன்பின் 15 நிமிடத்துக்குள். இதில் 6 மணிப் புள்ளி மட்டும் இடிக்கும். அந்த நேரத்தில் பூச்சிய மாதிரியை எடுத்துச் செடியை மாற்றினால், அது விளக்கு அணைந்தபின் வரும். எனவே 6 மணிப் புள்ளியை அதே நேரத்துக் கதகதப்புச் செடியோடு மட்டும் ஒப்பிட வேண்டும், பூச்சியத்தோடு அல்ல.

மூன்றாம், நான்காம் இலைகளை நடு நரம்போடு இரண்டாக வெட்டுங்கள். நரம்பை விட்டுவிட்டு ஒரு பாதியைப் பத்து வினாடிக்குள் திரவ நைட்ரஜனில் போடுங்கள். மறு பாதியை 0, 14 நாள் புள்ளிகளில் உறைபனிச் சோதனைக்குக் கொடுங்கள். மற்ற நாட்களில் எடை பார்த்து உலர்த்தி, ஈரப்பத அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த பாதியை நைட்ரஜனிலேயே அரைத்து, அந்த ஒரே பொடியில் 100 மி.கி. ஆர்.என்.ஏ.வுக்கும் 50 மி.கி. சர்க்கரைக்கும் பிரிக்கவும். பொடி ஒருபோதும் இளகக் கூடாது. இளகினால் இன்வர்டேஸ் நொதி சுக்ரோஸை உடைத்துவிடும். இல்லாத குளுக்கோஸ் உயர்வு கணக்கில் வந்துவிடும்.

படி 4: மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தல்

கனோலா மரபணுத் தொகுதி 2014-இல் வெளியானது. 38 குரோமோசோம்கள், ஒரு லட்சத்தை ஒட்டிய மரபணுக்கள். அரபிடாப்சிஸின் ஒரு மரபணுவுக்கு இங்கே பல பிரதிகள். அதனால் ஸ்வீட் மட்டுமே அறுபதைத் தாண்டும். அரபிடாப்சிஸ் புரத வரிசைகளை வைத்து, ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் என்ற கணினிக் கருவியில் தேடுங்கள். வந்தவற்றில் இந்தக் குடும்பத்துக்குரிய எம்.டி.என்.3 பகுதி இரண்டும் முழுமையாக உள்ளவற்றை மட்டும் எடுத்து, மரபு மரம் வரைந்து கிளைப்படி பெயரிடுங்கள். பிளாஸ்ட் பட்டியலில் முதலில் நிற்பதையே அதே எண்ணுள்ள மரபணு என்று எழுதினால் 11-உம் 12-உம் இடம் மாறிவிடும்.

அறுபதையும் அளக்க வேண்டியதில்லை. ஸ்வீட் 4, 11, 12, 15, 16, 17, டி.எஸ்.டி. 1, 2, எஸ்.யு.சி. 2, இவை ஒவ்வொன்றிலும் இலையில் அதிகம் வெளிப்படும் ஒரு ஏ பிரதி, ஒரு சி பிரதி. இவற்றோடு குளிரில் ஏறும் மரபணுக்களான சி.பி.எஃப்., சி.ஓ.ஆர்.15 இரண்டையும் சேருங்கள். இவை சோதனை சரியாக நடந்ததா என்று காட்டும் சாட்சிகள். சி.பி.எஃப். குளிர் தொட்ட சில மணி நேரத்துக்குள் எகிறி இறங்கிவிடும், சி.ஓ.ஆர்.15 அதன் பின்னால் ஏறி உயரத்திலேயே நிற்கும். 24 மணியில் சி.ஓ.ஆர்.15 ஏறவில்லையென்றால் குளிரூட்டலில்தான் கோளாறு. மற்ற மரபணுக்களைப் பார்க்காமல் படி 2-க்குத் திரும்புங்கள்.

பி.சி.ஆர். முறையில் மரபணுவைப் பெருக்கத் தொடக்கமாகும் சிறு டி.என்.ஏ. துண்டுதான் பிரைமர். அதன் வடிவமைப்பில் நேரம் செலவழியுங்கள். ஏ, சி பிரதிகளின் புரதப் பகுதி மிக ஒத்திருக்கும். வேறுபாடு கிடைப்பது பெரும்பாலும் மரபணுவின் கடைசியில், புரதமாக மாறாத வால் பகுதியில். வேறுபடும் எழுத்து பிரைமரின் 3' முனையில் வரும்படி வையுங்கள். பெருகும் துண்டு 80 முதல் 200 எழுத்து நீளம். துண்டை வரிசைப்படுத்திப் பார்த்து, நினைத்த பிரதிதான் வந்ததா என்று உறுதி செய்யுங்கள். துண்டு எந்த வெப்பத்தில் பிரிகிறது என்று காட்டும் உருகு வளைவில் ஒரே முகடு வந்தது என்பது சான்று ஆகாது. இரண்டு பிரதிகளும் ஒரே வெப்பத்தில் உருகலாம்.

படி 5: ஆர்.என்.ஏ. எடுத்தலும் பி.சி.ஆர். அளவும்

ட்ரைசால் முறை கனோலா இலைக்குப் போதும். 100 மி.கி. பொடிக்கு 1 மி.லி. ட்ரைசால், ஐந்து நிமிடம் கழித்து 0.2 மி.லி. குளோரோஃபார்ம். 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, மேல் அடுக்கை மட்டும் எடுங்கள்; நடுப்படலத்தைத் தொடாதீர்கள். 0.5 மி.லி. ஐசோபுரோப்பனால், பிறகு 75 சதவீத எத்தனால் கழுவல். குளிரில் பழகிய இலையில் சர்க்கரை அதிகம், அது ஆர்.என்.ஏ.வோடு வீழ்படிவாகி ஜெல்லி போல வரும், தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் விழும். ஐசோபுரோப்பனாலைப் பாதியாக்கி, மறு பாதிக்கு அதிக உப்புள்ள சிட்ரேட் கரைசல் சேர்த்தால் சர்க்கரைப் பொருள்கள் கரைசலிலேயே தங்கும். இதைக் குளிர் மாதிரிக்கு மட்டும் செய்யாமல் எல்லா மாதிரிக்கும் செய்யவும். இல்லையென்றால் இரு குழுக்களுக்கும் இரு முறை என்றாகிவிடும்.

டி.என்.ஏ. நீக்கும் நொதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். 1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ.விலிருந்து அதன் டி.என்.ஏ. நகலான சி.டி.என்.ஏ. தயாரித்துப் பத்து மடங்கு நீர்க்கவும். பி.சி.ஆர். கலவை 10 மைக்ரோலிட்டர்: ஒளிரும் சாயமுள்ள சைபர் கலவை 5, பத்து மைக்ரோமோலார் பிரைமர் ஒவ்வொன்றும் 0.3, சி.டி.என்.ஏ. 2, நீர் 2.4. 95 டிகிரியில் 3 நிமிடம். பிறகு 95-இல் 10 வினாடி, 60-இல் 30 வினாடி, 40 சுற்று.

ஒப்பீட்டு மரபணுவாக ஆக்டினை மட்டும் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆக்டின் செல்லின் எலும்புக்கூட்டுப் புரதம். குளிரில் அந்த எலும்புக்கூடே மாறுகிறது, அதன் மரபணு நிலையாக இருக்கும் என்று எப்படி நம்புவது? யு.பி.சி.21, டிப்41 போன்ற இரண்டை எடுத்து, உங்கள் செடியிலேயே அவை நிலையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரைமர் திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கணக்கு எளிது: கதகதப்பில் மரபணு 26-ஆம் சுற்றிலும் ஒப்பீடு 20-இலும் வந்தால் வித்தியாசம் 6, குளிரில் 24, 20 என்றால் வித்தியாசம் 4. இரண்டு சுற்று முன்னே வந்தது, ஆகவே நான்கு மடங்கு ஏற்றம்.

படி 6: சர்க்கரை அளவு

50 மி.கி. பொடியில் 80 சதவீத எத்தனால் 1 மி.லி. ஊற்றி, 80 டிகிரியில் 30 நிமிடம். மும்முறை செய்து ஒன்று சேர்த்து, எத்தனாலை ஆவியாக்கி நீரில் கரைக்கவும். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றையும் பிரித்து அளக்க நொதி முறைதான் சரி: ஹெக்சோகைனேஸ், அடுத்து ஐசோமரேஸ், அடுத்து இன்வர்டேஸ் என்று வரிசையாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் 340 நானோமீட்டரில் ஏற்றத்தைக் குறியுங்கள். ஆந்த்ரோன் முறை மலிவு, ஆனால் மொத்தம் மட்டுமே சொல்லும். மொத்தம் மட்டும் தெரிந்தால் ஃபிரக்டோஸ் கதவான ஸ்வீட்17 பற்றி ஒன்றும் பேச முடியாது. வண்டலைக் கொட்டிவிடாதீர்கள், மாவுச்சத்து அதில் இருக்கிறது.

முடிவை உலர் எடைக்கு எழுதுங்கள். குளிரில் இலை தடித்து நீர் குறையும். ஈர எடைக்கு எழுதினால் சர்க்கரை கூடாமலே கூடியதாகத் தெரியும்.

படி 7: உறைபனிச் சோதனை

ஒரு செடியின் இரு பாதி இலைகளிலிருந்து ஒரு செ.மீ. வட்டங்கள் 12 வெட்டி, அயனி நீக்கிய நீரில் அலசி, குழாய்க்கு இரண்டாக, 0.1 மி.லி. நீரோடு ஆறு குழாய்களில் இடுங்கள். ஒன்று 4 டிகிரியில் ஒப்பீட்டுக்கு. மற்ற ஐந்தும் வெப்பம் கட்டுப்படுத்தும் கிளைகால் தொட்டியில், மைனஸ் 1 டிகிரியில். அங்கே ஒவ்வொரு குழாயிலும் சிறு பனித்துகள் ஒன்றைப் போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். இதைத் தவிர்த்தால் நீர் உறையாமலே மைனஸ் 5, 6 வரை போய், திடீரென உறைந்து இலையைக் கொன்றுவிடும்; ஒரு ரகத்தின் குழாய்களில் இப்படி நடந்து மற்றதில் நடக்காவிட்டால் ரக வேறுபாடு என்று ஏமாந்துபோவோம். பிறகு மணிக்கு 2 டிகிரி குறைத்து, மைனஸ் 2, 4, 6, 8, 10-இல் ஒவ்வொரு குழாயை எடுக்கவும். சாதாரண உறைபெட்டியில் இந்த வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது, முயல வேண்டாம்.

இரவு முழுதும் 4 டிகிரியில் இளகவிட்டு, நீர் சேர்த்து, இரண்டு மணி நேரம் குலுக்கி மின்கடத்துத்திறனை அளக்கவும். பிறகு கொதிக்க வைத்து ஆற்றி மறுபடி. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் கசிவு விகிதம். உறையாத குழாயின் விகிதத்தைக் கழித்து, அதே விகிதத்தை ஒன்றிலிருந்து கழித்து வருவதால் வகுத்தால் சேத அளவு. சேதம் பாதியாகும் வெப்பநிலையே அந்தச் செடியின் எல்.டி.50. பழகிய, பழகாத செடிகளுக்கிடையே இரண்டு டிகிரியாவது வேறுபாடு வராவிட்டால் பழக்கமே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் சேர்த்துப் படித்தல்

டி.எஸ்.டி. ஏறி, குளுக்கோஸும் ஏறி, எல்.டி.50 இறங்கினால் வாக்குவோல் சேமிப்பு நடக்கிறது என்று கருத இடமுண்டு. ஸ்வீட்11, 12 இறங்கி, சுக்ரோஸ் ஏறினால் ஏற்றுமதி அடைபட்டு இலையில் தேங்குகிறது. ஸ்வீட்16 இறங்குவதைக் கண்டு அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். மரபணு ஏறியும் சர்க்கரை மாறவில்லையென்றால், அந்தக் கடத்தி என்ன கடத்துகிறது, எந்தச் சவ்வில் இருக்கிறது என்று தெரியாமல் மேலே போகக் கூடாது. ஒற்றைச் சர்க்கரையை உள்ளே எடுக்க முடியாத ஈ.பி.ஒய்.வி.டபிள்யு.4000 ஈஸ்ட்டில் மரபணுவை வைத்து, குளுக்கோஸ் தட்டில் வளர்கிறதா என்று பாருங்கள். பச்சை ஒளிர் புரதத்தை ஒட்டி, புகையிலை இனச் செடி இலையில் அதன் இடத்தைப் பாருங்கள்.

எண்ணெய்வித்துப் பயிரில் இன்னொரு கவலை உண்டு. இலையை மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்வீட்11, 12, 15 மூன்றும் சேர்ந்துதான் விதைக்குள் கருவுக்குச் சுக்ரோஸ் ஊட்டுகின்றன. மூன்றையும் இழந்த அரபிடாப்சிஸில் விதை சுருங்கிப்போகிறது. கனோலாவின் எண்ணெய் பெரும்பாலும் அந்தச் சுக்ரோஸிலிருந்து வருவது. இலையைக் காக்க இவற்றை நீக்கினால் உறைபனியில் பிழைத்த பயிரிலிருந்து உள்ளீடற்ற சாவி விதை கிடைக்கலாம். ஸ்வீட்8 மகரந்தத்துக்கும், ஸ்வீட்9 பூந்தேனுக்கும் வேண்டும். மேற்கு கேப் தேனீ வளர்ப்போர் கனோலாப் பூவை நம்பியிருப்பதை நினைவில் வையுங்கள். எனவே எந்த மாற்றமும் இலையில் மட்டும், குளிரில் மட்டும் மரபணுவை இயக்கும் தூண்டியின் (புரோமோட்டர்) கீழ் வர வேண்டும், அல்லது இயற்கையாகவே மாறுபட்ட ரகங்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது வழியையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். மரபணு மாற்றம் செய்தால் தென்னாப்பிரிக்காவின் மரபணு மாற்ற உயிரினங்கள் சட்டப்படி (1997-ஆம் ஆண்டின் 15-ஆம் சட்டம்) ஆய்வுக்கூடப் பதிவும் அனுமதியும் தேவை. மரபணுத் திருத்தமும் அதே சட்டத்தின் கீழ் வரும் என்று 2021-இல் அரசு அறிவித்தது.

படி 8: வயலில் பார்த்தல்

மேற்கு கேப்பின் ஸ்வார்ட்லாந்திலோ ஓவர்பெர்கிலோ வயலுக்குப் போகும்போது, வானிலை நிலையத்தின் எண்ணை நம்பி முடிவு எழுதாதீர்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில், பயிரின் தலைமட்டம் நிழற்கூண்டுக் கருவி காட்டுவதைவிட இரண்டு டிகிரியோ அதற்கு மேலோ குளிர்ந்திருக்கும். பதிவுக்கருவியைப் பூக்கொத்தின் உயரத்தில், மூடி இல்லாமல், மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாகக் கட்டுங்கள். பயிர் உயர உயரக் கருவியையும் உயர்த்துங்கள்.

நாற்று தாங்கியது என்பதற்காகக் காயும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இளம் காயின் விதையில் நீர் அதிகம், பழக்கம் குறைவு. அங்கே இலையில் அளந்த எல்.டி.50 செல்லாது. உறைபனி விழுந்த மறுநாள் எதுவும் தெரியாது. ஒரு வாரம் கழித்து, ஒவ்வொரு பாத்தியிலும் இருபது செடியின் நடுத்தண்டில் கீழ், நடு, மேல் என மூன்று காய்களைப் பிளந்து பாருங்கள். பச்சையாக, இறுகலாக இருப்பது உயிருள்ள விதை. பழுப்பேறி நீர்கோத்துக் கிடப்பது செத்தது. எந்த உயரத்துக் காய் செத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உறைபனி விழுந்த இரவில் எந்தப் பூ எந்த வயதில் இருந்தது என்பதை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம்.